படிப்பகத்தோட விக்கிப்பீடியா பக்கத்தைத் திருத்தப் போய் கணக்கே முடங்கிடுச்சு, என்ன பண்றது?

வண்ணை_கேரம்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

பழைய வண்ணாரப்பேட்டையில எங்க தெருவுல ஒரு படிப்பகம் இருக்கு. கீழே பேப்பரும் கேரம் போர்டும், மேல சாயங்காலம் பத்தாவது, பன்னெண்டாவது பசங்களுக்கு டியூஷன். நானும் அங்க படிச்சு வந்தவன்தான். இப்ப மாசம் ஆறாயிரம் வாங்கிக்கிட்டு அவங்க கம்ப்யூட்டர் வேலையைப் பார்க்கறேன். செயலாளர் எனக்குப் பெரியப்பா முறை.

ஆங்கில விக்கிப்பீடியாவுல படிப்பகத்துக்கு ஒரு பக்கம் இருக்கு. யார் ஆரம்பிச்சதுன்னு எங்களுக்குத் தெரியாது. அதுல தொடங்கின வருஷம் 1978னு போட்டிருக்கு. வாசல் கல்வெட்டுல 1948னு இருக்கு. அப்புறம் ஒரு பத்தி: ஹாலை கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டுட்டு டியூஷன் பசங்களை மொட்டை மாடிக்கு அனுப்பினாங்க, உறுப்பினர்கள் மாவட்டப் பதிவாளர்கிட்ட புகார் கொடுத்தாங்கன்னு. அதுக்குக் கீழே பெரியப்பா பேரைப் போட்டு, பணத்தைச் சுருட்டிட்டார்னு ஒரு வரி.

பெரியப்பா சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "எல்லாத்தையும் எடு. நம்ம பொன்விழா மலர்ல இருக்கறதைப் போடு." படிப்பகம் பேர்லயே கணக்கு தொடங்கினேன். அந்தப் பத்தி, வரி எல்லாத்தையும் தூக்கிட்டு, மலர்ல இருந்த நாலு பக்கத்தை இங்கிலீஷ்ல மாத்திப் போட்டேன். பத்து நிமிஷத்துல பழையபடி ஆயிடுச்சு. திரும்பப் போட்டேன், திரும்ப எடுத்துட்டாங்க. மூணாவது தடவை கணக்கே முடங்கிடுச்சு. இப்ப பக்கத்தோட தலைமாட்டுல, சம்பந்தப்பட்ட ஆளே எழுதியிருக்கலாம்னு ஒரு அறிவிப்புப் பட்டை வேற நிக்குது. முன்னாடி அதுகூட இல்ல.

கணக்கை எப்படி மீட்கறது? இல்ல, ஃப்ரெண்டு போன்ல வேற பேர்ல போய் திருத்தலாமா?

கொருக்குப்பேட்டை_கேட்:
தம்பி, கடைசியா கேட்டீங்களே, அதை மட்டும் பண்ணிடாதீங்க. அதுக்குக் கைப்பாவைக் கணக்குன்னு பேரு. இப்ப இருக்கறது சின்னக் கீறல். அதைப் பண்ணா எலும்பு முறிவு. ஃப்ரெண்டையே உட்கார வெச்சு எழுதச் சொன்னாலும் அதே கணக்குதான்.

முடக்க அறிவிப்பை முழுசா படிச்சீங்களா? ரெண்டு விதமா வரும். பேர் ஒரு அமைப்போட பேரா இருக்கு, தனி ஆளுக்கான பேர்ல புதுக் கணக்கு தொடங்கிக்கலாம்னு இருந்தா, அது பேருக்கான முடக்கம் மட்டும்தான். விளம்பரம் பண்ணதுக்காக முடக்கினோம்னு இருந்தா புதுசா எதுவும் தொடங்கக் கூடாது. அதே கணக்கோட பேச்சுப் பக்கத்துல, பேரை மாத்திக்கறேன், இனி இப்படிப் பண்ண மாட்டேன்னு எழுதி விடுவிக்கக் கேட்கணும். உங்களுக்கு எது?

வண்ணை_கேரம்:
முதல் வகைதான் அண்ணே. புதுக் கணக்கு தொடங்கலாம்னு தெளிவா இருக்கு. நான்தான் பதட்டத்துல பாதிக்கு மேல படிக்கல.

கொருக்குப்பேட்டை_கேட்:
அப்ப நிம்மதியா இருங்க. அங்க ஒரு கணக்கு ஒரு ஆளுக்குத்தான். அமைப்புக்குக் கணக்கு கிடையாது. இன்னிக்கு நீங்க, நாளைக்கு வேற ஒருத்தர்னு ஒரே கணக்கை மாத்தி மாத்திப் பயன்படுத்தினா எழுதினது யாருன்னு தெரியாம போயிடும்ல?

புதுக் கணக்கோட பயனர் பக்கத்துல முதல் வேலையா இதை எழுதுங்க: நான் இந்தப் படிப்பகத்துல சம்பளத்துக்கு வேலை பார்க்கறேன், முன்னாடி இந்தப் பேர்ல திருத்தினது நான்தான். ஆறாயிரமா அறுபதாயிரமான்னு யாரும் கேட்க மாட்டாங்க. காசு வாங்கிட்டுத் தொகுக்கறவங்க யார்கிட்ட வேலை பார்க்கறாங்க, யாருக்காகத் தொகுக்கறாங்கன்னு வெளிப்படையா சொல்லணும்னு, விக்கிப்பீடியாவை நடத்தற விக்கிமீடியாவோட பயன்பாட்டு விதியிலேயே 2014ல சேர்த்துட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் ஒரு நிறுவனம் நூத்துக்கணக்கான பொய்க் கணக்கு வெச்சு வாடிக்கையாளர்களுக்காகக் கட்டுரை எழுதிக் கொடுத்தது அம்பலமாகி பெரிய ரகளை ஆச்சு.

ராயபுரம்_1856:
எனக்கு ஒண்ணு புரியல தலைவரே. எங்க படிப்பகத்தைப் பத்தி எங்களுக்குத் தெரியாததா எவனோ அமெரிக்காவுல உட்கார்ந்திருக்கறவனுக்குத் தெரியும்? எங்க வீட்டு வாசல்ல எவனோ கிறுக்கிட்டுப் போனா நான் அழிக்கக் கூடாதா?

கொருக்குப்பேட்டை_கேட்:
நியாயமான கோபம்தான். ஆனா அது உங்க வீட்டு வாசல் இல்ல. தெருமுனைச் சுவர்.

விக்கிப்பீடியாவைத் தொடங்கின ஜிம்மி வேல்ஸே தன்னைப் பத்தின கட்டுரையில கை வெச்சு மாட்டியிருக்கார். லாரி சாங்கரையும் இணை நிறுவனர்னு சொல்ற வரிகளை அவரே மாத்தினது 2005ல வெளிய வந்துச்சு. பண்ணியிருக்கக் கூடாதுன்னு அவரே ஒத்துக்கிட்டார். அவர் மனசுல அது திருத்தம், பார்த்தவங்க கண்ணுக்குத் தற்பெருமை.

அடுத்து 2007ல வர்ஜில் கிரிஃபித்னு ஒரு மாணவர் விக்கிஸ்கேனர்னு ஒரு கருவி செஞ்சார். கணக்கு இல்லாம வந்த திருத்தங்களோட ஐபி முகவரி எந்த அலுவலகத்துதுன்னு அது தேடிச் சொல்லுச்சு. வாக்குப்பதிவு இயந்திரம் செஞ்ச டீபோல்ட் கம்பெனி முகவரியிலிருந்து, அந்த இயந்திரத்தைப் பத்தின விமர்சனத்தைப் பத்தி பத்தியா அழிச்சிருந்தது அப்பதான் ஊருக்கெல்லாம் தெரிஞ்சது. அழிச்சதும் வரலாற்றுல நிக்கும், அழிச்ச ஆளும் நிப்பார். தம்பி, உங்க பக்கத்துல வரலாறுங்கற தாவலைத் தட்டிப் பாருங்க. சிவப்புல கழித்தல் குறி போட்டு ஒரு பெரிய எண், பக்கத்துல படிப்பகம் பேரு, அதுக்குப் பக்கத்துல நீங்க எழுதின காரணம். என்ன எழுதினீங்க?

வண்ணை_கேரம்:
"தவறான தகவல் நீக்கம்"னு.

கொருக்குப்பேட்டை_கேட்:
வாடகைக்கு விட்டது தவறான தகவலா?

வண்ணை_கேரம்:
இல்ல அண்ணே. விட்டாங்க. நானே மொட்டை மாடியில உட்கார்ந்து பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்திருக்கேன்.

கொருக்குப்பேட்டை_கேட்:
பார்த்தீங்களா! இங்கதான் நீங்க ரெண்டு வேற வேற விஷயத்தை ஒரே மூட்டையில கட்டித் தூக்கிப் போட்டிருக்கீங்க. வாடகைப் பத்திக்குக் கீழே செய்தித்தாள் சான்று இருக்கா?

வண்ணை_கேரம்:
இருக்கு. ஒரு ஆங்கில நாளிதழ். சுருட்டினார்னு இருக்கற வரிக்கு எதுவும் இல்ல.

கொருக்குப்பேட்டை_கேட்:
சான்று இருக்கற பத்தியில கை வெக்காதீங்க. கசப்பா இருக்குங்கறதுக்காக எடுக்க முடியாது. அந்தப் புகார் பிறகு என்ன ஆச்சுன்னு அச்சுல வந்திருந்தா அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

உயிரோட இருக்கற ஒருத்தரைப் பேர் சொல்லி, சான்றே இல்லாம திருடன்னு எழுதினது முற்றிலும் வேற. அந்த வரியை யார் வேணா உடனே நீக்கலாம், சம்பந்தப்பட்டவங்களே நீக்கினாலும் குத்தம் இல்ல. நீங்க அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து, காரணத்தையும் எழுதியிருந்தா அநேகமா யாரும் உங்களைத் தொட்டிருக்க மாட்டாங்க. கூடவே மலர் நாலு பக்கத்தையும் இறக்கினதாலதான் வினை. மலர் யாரோ எழுதி அச்சடிச்சது, பதிப்புரிமை இருக்கு. மொழிபெயர்த்தாலும் அந்த உரிமை போகாது. அப்புறம் "தன்னலம் கருதாத் தொண்டர்" மாதிரி வரி எல்லாம் கலைக்களஞ்சியத்துக்கு எதுக்கு?

மத்ததை எல்லாம் கட்டுரையோட பேச்சுப் பக்கத்துல கேளுங்க. தொடர்புள்ளவங்க திருத்தம் கேட்கறதுக்குன்னே அங்க ஒரு வார்ப்புரு, அதாவது தயார் படிவம் மாதிரி ஒண்ணு உண்டு, போட்டா வரிசையில சேர்ந்துடும். இப்ப இருக்கற வரி இது, இப்படி மாத்தணும், சான்று இதுன்னு எழுதினாத்தான் வேலை நடக்கும். "எங்க பக்கம் தப்பா இருக்கு, சரி பண்ணுங்க"ன்னா ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. எல்லாரும் சும்மா செய்யறவங்க, வாரக்கணக்குல ஆகும்.

மூலக்கடை_அக்கா:
தம்பி, இன்னொண்ணு. இந்த நேரத்துல உனக்கு மெயில் வரும், "நான் விக்கிப்பீடியா நிர்வாகி, உங்க பக்கத்தை சரி பண்ணித் தரேன்"னு. நம்பிடாதே. நான் முன்னாடி வேலை பார்த்த அறக்கட்டளையில அப்படி ஒருத்தனுக்கு முப்பத்தஞ்சாயிரம் கொடுத்தாங்க. பக்கம் ஒரு வாரம் இருந்துச்சு, அப்புறம் நீக்கிட்டாங்க. அவன் நம்பர் அணைஞ்சே போச்சு. வவுச்சர் எழுதினது நான்தான், ஆடிட்டர்கிட்ட வாங்கின பேச்சு இன்னும் காதுல இருக்கு.

கொருக்குப்பேட்டை_கேட்:
அக்கா சொல்றது பழைய தந்திரம். 2015ல ஆரஞ்ச்மூடின்னு ஒரு கும்பலைப் பிடிச்சாங்க. 381 கணக்கை முடக்கினாங்க. விக்கிப்பீடியாவுல நிராகரிச்ச கட்டுரை வரைவுகளைப் பார்த்து, சம்பந்தப்பட்ட கடைக்காரங்ககிட்டயே போய் காசு கேட்டிருக்காங்க. பக்கம் வந்த பிறகு அதைக் காப்பாத்தறதுக்குத் தனியா மாமூல்! காசு வாங்கற நிர்வாகின்னு ஒருத்தர் வந்தாலே ஆள் பொய்னு வெச்சுக்குங்க.

வருஷத்துக்கு என்ன சான்று வெச்சிருக்கீங்க? அந்த 1978 எங்கிருந்து வந்திருக்கும்?

வண்ணை_கேரம்:
சங்கப் பதிவுச் சான்றிதழ்ல 1978னு இருக்கு அண்ணே. இப்பதான் பீரோவுல பார்த்தேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன் கீழ பதிவு. அதுக்கு முன்னாடி பதிவே பண்ணாம நடத்தியிருக்காங்க.

கொருக்குப்பேட்டை_கேட்:
அப்ப 1978 தப்பு இல்ல, அரைகுறை. தொடங்கினது ஒரு வருஷம், பதிவானது ஒரு வருஷம்னு ரெண்டும் வரணும். தொடங்கின வருஷத்துக்கு நீங்களே அச்சடிக்காத சான்று ஒண்ணு தேடுங்க. இணையத்துல இருக்கணும்னு அவசியம் இல்ல, பழைய செய்தித்தாள் போதும், நாளும் பக்கமும் சொன்னா சரி. மெட்ரோவுல சென்ட்ரல் போய் மாறி எழும்பூர்ல இறங்குங்க, கன்னிமாரா நூலகம் இருக்கு.

வண்ணை_கேரம் (மூணு வாரம் கழிச்சு):
நடந்ததைச் சொல்லிடறேன்.

என் சொந்தப் பேர்ல கணக்கு தொடங்கி, சம்பள விவரத்தை எழுதினேன். பெரியப்பாவுக்கு அது பிடிக்கல, "நம்மளே ஏன் காட்டிக் கொடுக்கணும்"னார். அந்த ஒரு வரியை மட்டும் காரணத்தோட நீக்கினேன். இன்னிக்கு வரைக்கும் யாரும் திரும்பப் போடல. கன்னிமாராவுல ரெண்டு சனிக்கிழமை உட்கார்ந்து, 1998 பொன்விழாவைப் பத்தின நாலு வரிச் செய்தியைப் பிடிச்சேன். கையெல்லாம் பழுப்புத் தூள். பேச்சுப் பக்கத்துல கொடுத்ததும் ஒருத்தர் வந்து 1948, 1978 ரெண்டையும் போட்டுட்டார். வாடகைப் பத்தி அப்படியே இருக்கு. பரீட்சை மாசங்கள்ல ஹாலை விடறதில்லைன்னு பொதுக்குழு முடிவெடுத்த செய்தி அதே நாளிதழ்ல வந்திருந்தது, அதைக் கீழே சேர்த்தாங்க. தலைமாட்டுப் பட்டையையும் எடுத்துட்டாங்க.

சரி, கட்டுரைக்குக் கல்வெட்டு படம் ஒண்ணு நானே எடுத்து பொதுவகத்துல (விக்கிமீடியாவோட படக் கிடங்கு) போடலாம்னு நேத்து போனேன். கீழ்ப் பாதியில சுண்ணாம்பு ஏறியிருந்துச்சு, செருப்பு ஸ்டாண்டும் மறைச்சிருந்துச்சு. ஸ்டாண்டை நகர்த்தி, ஈரத்துணி போட்டுத் தேய்ச்சதும் இன்னும் ரெண்டு வரி வெளிய வந்துச்சு. மேல இருக்கற 1948 அடிக்கல் நாட்டினது. திறந்து வெச்சது 1951. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, கழட்டிட்டு, மறுபடி போட்டுக்கிட்டு நின்னுட்டார். பொன்விழாவை மூணு வருஷம் முந்தியே கொண்டாடிட்டமான்னு கேட்கறார்.

ராயபுரம்_1856:
எங்க படிப்பகத்தைப் பத்தி எங்களுக்குத் தெரியாதான்னு கேட்டது நான்தான். வாபஸ்.

கொருக்குப்பேட்டை_கேட்:
படத்தைப் பொதுவகத்துல ஏத்துங்க தம்பி, நீங்க எடுத்ததுன்னா உரிமம் கொடுக்கறதுல சிக்கல் இல்ல. வருஷத்தை நீங்களே மாத்தாதீங்க. படத்தோட இணைப்பைப் பேச்சுப் பக்கத்துல போட்டு, அடிக்கல் எது, திறப்பு எதுன்னு எழுதிட்டு வாங்க.

வண்ணை_கேரம்:
போட்டாச்சு அண்ணே. வரிசையில நிக்கறேன்.