கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் பூனை இருக்கலாமா?

முன்றில்: தங்கை கருவுற்றிருக்கிறாள். ஐந்து ஆண்டுகளாக வளர்க்கும் பூனையை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடு என்கிறேன்; மறுக்கிறாள். டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி தன் முட்டைகளை உருவாக்குவது பூனை இனத்தின் குடலில் மட்டுமே. அது கருவை எட்டினால் குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம் என்று அறிந்தும் அதன் பிறப்பிடத்தை வீட்டுக்குள் வைத்திருப்பது சரியா?

தாழ்வாரம்: நீங்கள் கூறும் உயிரியல் சரி, அதிலிருந்து எடுத்த முடிவு சரியன்று. பூனை இம்முட்டைகளைப் பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை, முதல் தொற்றுக்குப் பிறகு 1 முதல் 3 வாரங்கள் வரை மட்டுமே மலத்தில் வெளியேற்றுகிறது. அவையும் தொற்றும் நிலையை அடைய ஒரு நாளேனும் ஆகும் என்பதால், மலத்தட்டை நாள்தோறும் வேறொருவர் சுத்தம் செய்தாலே ஆபத்து வெகுவாகக் குறையும். ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் கருவுற்ற பெண்களிடம் நடத்தப்பட்டு 2000இல் வெளியான ஆய்வு, தொற்றுகளில் 30 முதல் 63 விழுக்காடு வரை சரியாக வேகாத இறைச்சியால் வந்தவை என்றது. மண்ணால் வந்தவை 6 முதல் 17 விழுக்காடு. பூனையுடன் பழகுவது ஆபத்துக் காரணியாக அதில் தென்படவே இல்லை.

முன்றில்: அந்த இறைச்சிக்குள் ஒட்டுண்ணி எப்படிப் புகுந்தது? பூனை மலம் கலந்த மண்ணில் ஆடு மேய்ந்ததால்தானே? சுற்றி வளைத்தாலும் பூனையிடமே வந்து நிற்கிறோம்.

தாழ்வாரம்: ஏதோ ஒரு பூனையிடம், ஆம். உங்கள் தங்கையின் பூனையை அனுப்பிவிட்டால் அந்த ஆட்டிறைச்சி தூய்மையாகிவிடுமா? மண்ணில் இம்முட்டைகள் ஓராண்டுக்கு மேலும் உயிர்ப்புடன் இருக்கக்கூடியவை.

கிணற்றடி: இருவரும் இரத்தப் பரிசோதனையை மறந்துவிட்டீர்கள். கருவுறுவதற்கு முன்பே இத்தொற்று வந்து போயிருந்தால், நோய் எதிர்ப்பாற்றல் குன்றாத பெண்ணின் கருவுக்கு அது பரவுவது மிக அரிது. கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றுவதே அஞ்ச வேண்டியது. தொடக்க மாதங்களில் கருவுக்குப் பரவும் வாய்ப்பு குறைவு, பரவினால் பாதிப்பு கடுமை. பிரான்சில் இத்தொற்று முன்பு வராததால் அதற்கு எதிர்ப்பாற்றல் பெறாத கர்ப்பிணிகளுக்கு மாதந்தோறும் பரிசோதனை செய்வது இதற்காகவே.

முன்றில்: பரிசோதனையை ஏற்கிறேன். ஆனால் அது இரவெல்லாம் வெளியே சுற்றி எலி பிடிக்கும் பூனை.

தாழ்வாரம்: அப்படியானால் அது இளம் வயதிலேயே தொற்றுக்கு உள்ளாகி, முட்டைகளை வெளியேற்றி முடித்திருக்கவே வாய்ப்பு அதிகம். இப்போது புதிதாக ஒரு குட்டியைக் கொண்டுவந்தால்தான் நான் கவலைப்படுவேன். அடுப்பில் பாதி வெந்த கறியை வாயில் போட்டுப் பார்க்கும் பழக்கம் உங்கள் தங்கைக்கு உண்டா என்று முதலில் கேளுங்கள்.

முன்றில்: உண்டு. உப்பு பார்ப்பதாகச் சொல்வாள். பரிசோதனை முடிவு வரும்வரை பூனை அங்கேயே இருக்கட்டும். மலத்தட்டை நான் சுத்தம் செய்கிறேன்.