இடித்துக் கட்டும் தீர்மானம்

செயலாளர்: அனைவருக்கும் வணக்கம். 24 வீடுகளில் 17 உரிமையாளர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் 2022இன்படி மூன்றில் இரண்டு பங்கு போதும். கட்டடத்தை இடித்துக் கட்டத் தடை இல்லை.

சி 6 துபாய்: மிக்க மகிழ்ச்சி சார்!

பி 2 மாமி: நேற்று இரவு நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்று இந்த வாட்ஸ்அப் குழுவைப் பூட்டினீர்கள். காலையில் தீர்மானத்தோடு திறக்கிறீர்கள். அந்த 17 பேரில் இங்கே குடியிருப்பவர்கள் எத்தனை பேர்?

செயலாளர்: உரிமையாளர் என்றால் உரிமையாளர்தான் மாமி. சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை.

பி 2 மாமி: நான் பிரித்துப் பார்த்துவிட்டேன். ஆறு பேர். மற்றவர்கள் வாடகைக்கு விட்டவர்கள்.

சி 6 துபாய்: லிஃப்ட் பக்கத்துத் தூணில் பூச்சு உதிர்ந்து துருக்கம்பி தெரிகிறது மாமி. ஆபத்து.

பி 2 மாமி: துபாயிலிருந்து தெரிகிறதா தம்பி? மாமாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அடுத்த தெரு என்பதால் கைத்தடியோடு நடந்தே போய் வருகிறார். இரண்டு வருடம் எங்கே போவோம்? நோயாளி, வயதானவர் என்றதும் புரோக்கர் போனை வைத்துவிடுகிறார்.

சி 6 துபாய்: பில்டர் மாத வாடகை தருகிறாரே.

ஏ 4: வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன். ஒருவர் முரண்டு பிடித்தால் எல்லோரும் ஒழுகும் தளத்தின் கீழ் கிடக்க வேண்டியதில்லை. சட்டம் சரிதான். ஆனால் வேலை தாமதமானால் வாடகை தொடருமா? பில்டர் பாதியில் போனால் வங்கி உத்தரவாதம் உண்டா? யூடிஎஸ், அதாவது நிலத்தில் நமக்குள்ள பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு குறையும்? ஒப்பந்த நகல் எங்கே?

செயலாளர்: எல்லாம் முடிந்த பிறகு தருவார்கள்.

ஏ 4: பிறகு வந்தால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். சுவரும் இருக்காது.

ஏ 1 வாடகை: சார், நாங்கள் எப்போது காலி செய்ய வேண்டும்? மகளுக்கு மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு.

செயலாளர்: உங்கள் வீட்டுச் சொந்தக்காரரைக் கேளுங்கள்.

ஏ 1 வாடகை: கேட்டேன் சார். சங்கத்தைக் கேட்கச் சொன்னார்.

பி 2 மாமி: ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நீயும் வா அம்மா.

செயலாளர்: வாடகைதாரர்களுக்கு ஓட்டு கிடையாது.

ஏ 4: ஓட்டு வேண்டாம், தேதி தெரிந்தால் போதும் என்கிறார். தேர்வு முடிந்து ஏப்ரலில் இடித்தால் பில்டருக்கு என்ன நஷ்டம்?

செயலாளர்: கேட்டுச் சொல்கிறேன். நகலும் கேட்கிறேன்.

பி 2 மாமி: தமிழில் வேண்டும். சனிக்கிழமைக்குள்.