மறுமொழி: 'இம்பல்சிவ்' என்பதற்குத் தமிழ் – மரபுத்தொடர் வேறு, கலைச்சொல் வேறு

அன்புள்ள எல்லோருக்கும்,

பாடசாலை உளவளத்துணைக் கைநூலுக்கு, 'இம்பல்சிவ்' என்பதற்கு, அதாவது உள்ளே எழும் உந்தலை அடக்க முடியாமல் உடனே செயற்படும் இயல்புக்கு, ஒரு தமிழ்ச்சொல் கேட்டுத்தான் இந்த இழை தொடங்கியது. இப்போது 'ஒன் த ஸ்பர் ஒஃப் த மோமண்ட்' என்ற ஆங்கில மரபுத்தொடரை யார் அழகாகத் தமிழாக்குவது என்ற போட்டியில் வந்து நிற்கிறது. இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் வேலை பாதி குறையும்.

> ஸ்பர் என்றால் குதிரைக்காரனின் குதிமுள். எங்களுக்குக் குதிரை இல்லை, சவாரி மாடு இருக்கிறது. 'கேட்டி பட்ட கணத்தில்' என்று வைத்தால் என்ன?

மன்னார் அண்ணை, வாசிக்கச் சந்தோஷமாக இருந்தது. வன்னியில் மாட்டுவண்டிச் சவாரி பார்த்த எவருக்கும் இது உடனே விளங்கும். ஆனால் கேட்டி, அதாவது மாட்டை அடிக்கும் தடி, வெளியிலிருந்து விழுகிறது. அடிக்கிறவர் ஒருவர், ஓடுவது மாடு. ஆங்கிலத்தில் அந்தத் தொடரைச் சொல்கிறவரோ குதிமுள்ளை நினைத்துச் சொல்வதில்லை. முன்கூட்டித் திட்டம் போடாமல், அப்போது மனதில் பட்டதைச் செய்தார் என்பதுதான் பொருள். குறை சொல்லும் தொனியும் அதில் கட்டாயம் இல்லை. பரந்தன் சந்தியில் கதைத்துக்கொண்டு நின்றவர்கள் 'வாங்கோ, மடுவுக்குப் போவம்' என்று வாகனம் பிடித்தால் அது ஸ்பர் ஒஃப் த மோமண்ட். அதைத் தமிழில் எழுத 'திடீரென்று யோசித்து' போதும், 'நினைத்தவுடன்' போதும். புதுச்சொல் எதற்கு?

அப்புறம், இழையில் இதனோடு சேர்த்துக் கட்டப்பட்ட மற்ற ஆங்கிலத் தொடர்கள். எல்லாவற்றுக்கும் 'அவசரபுத்தி' என்று ஒரே விடை எழுதியிருக்கிறீர்கள். அவை ஒரே குற்றத்தைச் சொல்லவில்லை. 'ஜம்ப் த கன்' என்பது நேரத்துக்கு முந்துவது. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் விசில் ஊத முன்னரே பாயும் பிள்ளையை எல்லோரும் கண்டிருப்போம். 2011இல் டேகுவில் நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியின் 100 மீற்றர் இறுதியில் உசைன் போல்ட் அப்படித்தான் வெளியேற்றப்பட்டார். 2010இலிருந்து முதல் பிழைத் தொடக்கத்துக்கே தகுதிநீக்கம் என்பது விதி. வேட்டுக்குப் பின் 0.1 விநாடிக்குள் ஒருவர் அசைந்தாலும் அது பிழைத் தொடக்கம்தான். போல்ட் யோசிக்காமல் ஓடினார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முந்திவிட்டார், அவ்வளவுதான். இதற்குத் தமிழில் 'முந்திப் பாய்தல்' சரியாக நிற்கும்.

'நீ-ஜேர்க்' இன்னொரு வகை. முழங்காற் சில்லுக்குக் கீழே தட்டினால் கால் தானாக உதைக்கும். 1875இல் ஏர்ப், வெஸ்ட்ஃபால் என்ற இரண்டு ஜெர்மன் மருத்துவர்கள் தனித்தனியே விவரித்த தெறிவினை இது. முண்ணாணோடு முடிகிற காரியம், மூளையின் தீர்மானத்துக்குக் காத்திருப்பதில்லை. அரசியல்வாதியின் அறிக்கையை 'நீ-ஜேர்க்' என்று திட்டும்போது, மூளைக்கு வேலை கொடுக்கவில்லை என்பதுதான் ஏச்சு. எங்கள் பாடநூல்களில் 'தெறிவினை' ஏற்கெனவே இருக்கிறது. அதையே உருவகமாக எழுதலாம், தமிழகத்து நண்பர்கள் 'அனிச்சை' என்பார்கள். 'ஷூட் ஃப்ரொம் த ஹிப்' பற்றி அதிகம் சொல்ல இல்லை. துவக்கை இடுப்பிலிருந்து எடுத்த கையோடு குறிபாராமல் சுடுவது. 'எடுத்தேன் கவிழ்த்தேன்' என்று நாங்கள் சொல்வது கிட்டத்தட்ட அதுதான்.

இனி, புதுக்குடியிருப்பிலிருந்து அக்கா எழுதியது:

> எங்கட சனம் சொல்லுறது 'நின்ற நிலையில்'. இதைவிட என்ன வேணும்?

நல்ல தொடர் அக்கா, பொதுவான எழுத்தில் நானும் எழுதுவேன். ஆனால் அதை உளவியல் கலைச்சொல்லாக்க என்னால் முடியவில்லை. வன்னியில் 'நின்ற நிலையில் வெளிக்கிட்டோம்', 'போட்டது போட்டபடி வந்தோம்' என்றால் கேட்கிறவருக்கு இறுதிப் போர் நடந்த 2008உம் 2009உம்தான் முன்னுக்கு வரும். அது அந்தக் கணத்து ஆசையில் எடுத்த முடிவா? செல் விழுந்தது, வெளிக்கிட்டார்கள். வெளியிலிருந்து வந்த நெருக்குதலுக்கு உடனே செயற்பட்டதையும், உள்ளே எழுந்த உந்தலை அடக்க முடியாமல் செயற்பட்டதையும் ஒரே சொல்லால் குறித்தால் கைநூல் வாசிக்கும் ஆசிரியர் பிழையான பிள்ளையைப் பிழையான பெட்டிக்குள் போடுவார்.

கடன் உதாரணத்திலும் எனக்கு இதே மறுப்பு. நுண்கடன் எடுத்த பெண்களை 'அவசரபுத்தி'க்கு எடுத்துக்காட்டாக ஒருவர் எழுதியிருந்தார். அதை நீக்கச் சொல்கிறேன். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவித்தது. வயல் காய்ந்து கிடக்கும்போது வாசலுக்கு வந்த கடனைக் கையெழுத்திட்டு வாங்கியதற்குப் பெயர் இம்பல்சிவ் அல்ல.

சரி, கைநூலுக்கு வருவோம். அங்கே பேசப்படுவது கேள்வி முடிய முன்னரே பதிலைக் கொட்டிவிடும் பிள்ளை, தன் முறை வரும்வரை நிற்க முடியாத பிள்ளை, மற்றவர் கதையில் குறுக்கே விழும் பிள்ளை. கெட்ட பிள்ளை என்ற தீர்ப்பு சொல்லிலேயே ஒட்டியிருக்கக் கூடாது. ஆகவே 'அவசரபுத்தி' வேண்டாம், 'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' வகையறாவும் வேண்டாம்.

'மனக்கிளர்ச்சி' இணைய அகராதிகளில் கிடக்கிறது. வாசிப்பவருக்கு உற்சாகம் அல்லது கொந்தளிப்பு என்றே படும். பாதிச் சொல் 'கிளர்ச்சி'. அதை எங்கள் பகுதிப் பிள்ளையின் அறிக்கையில் எழுத எந்த ஆசிரியர் கை வைப்பார்? 'எழுந்தமானம்' என் மனதுக்குப் பிடித்த சொல். ஆனால் 'எழுந்தமானமாகக் கதைக்காதே' என்றால் ஆதாரமில்லாமல் கதைக்காதே என்றாகிவிடும். கணிதத்தில் 'எழுமாற்று' பக்கத்திலேயே நிற்கிறது, குழப்பும். 'கணத்தாக்கு' பௌதிகத்துக்குப் போய்விட்டது, விசையை நேரத்தால் பெருக்கி வருவது அது. தம்பி முன்வைத்த 'கணவுந்தல்' பொருளில் சரி. ஆனால் இந்த இழையிலேயே இரண்டு பேர் அதைக் 'கனவுந்தல்' என்று தட்டச்சு செய்துவிட்டார்கள்.

என் பரிந்துரை: உள்ளுந்தல்.

உந்தல் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லே காட்டுகிறது. நல்லது கெட்டது சொல்லவில்லை. பௌதிகத்தில் 'உந்தம்' படித்த மாணவருக்கு வேர் பழக்கமானது. கூட்டுச்சொல்லுக்கும் வளைகிறது: உள்ளுந்தல் செயல், உள்ளுந்தற் கட்டுப்பாடு, உள்ளுந்தற் கொள்வனவு. உள்ளுந்தலை அளக்க உளவியலாளர் பயன்படுத்தும் பராற் அளவுகோலின் 1995ஆம் ஆண்டுப் பதிப்பில் 30 கூற்றுகள் உள்ளன. அது இந்த இயல்பைக் கவனம், இயக்கம், திட்டமின்மை என்று மூன்றாகப் பிரிக்கிறது. 'கவன உள்ளுந்தல்', 'இயக்க உள்ளுந்தல்', 'திட்டமிலா உள்ளுந்தல்' என்று எழுதிப் பார்த்தேன். மூன்றாவது கொஞ்சம் இடறுகிறது, மற்ற இரண்டும் ஓடுகின்றன.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். தமிழகத்தில் 'உந்துதல்' மோட்டிவேஷனுக்கு வழங்குகிறது. இங்கே அதற்கு 'ஊக்கல்' இருப்பதால் எங்களுக்கு இடிக்காது. அவர்களுக்கு இடிக்கும். இரு கரைக்கும் ஒரே சொல் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இந்தக் கைநூல் அடுத்த தவணைக்கும் வராது. முதலில் எங்கள் பிள்ளைகளுக்கு அச்சாகட்டும்.

'உள்ளுந்தல்' பிடிக்காதவர்கள் தனிச்சொல்லை மட்டும் அனுப்பாதீர்கள். கீழே உள்ள வாக்கியத்தில் உங்கள் சொல்லைப் பொருத்தி, ஒருமுறை உரக்க வாசித்துவிட்டு அனுப்புங்கள்:

'பிள்ளை வேண்டுமென்று குழப்பம் செய்யவில்லை. உள்ளுந்தலைத் தாமதப்படுத்த இன்னும் பழகவில்லை.'