‘சில் ஹேஸ்’: குளிர்க்கலங்கலா, குளிர்மூட்டமா?

சேலம், அஸ்தம்பட்டியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். குளிரவைத்த பீர் மங்கலாவதை ஆங்கிலத்தில் ‘சில் ஹேஸ்’ என்பார்கள். நம் பானத் தொழில்நுட்பச் சொல்லடைவில் அதற்குக் ‘குளிர்க்கலங்கல்’ என்று போட்டிருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டும் என்று கேட்கிறேன்.

கலங்கல் என்றாலே அடியில் கிடந்தது கிளம்பி மேலே வந்தது, ஆடாமல் வைத்தால் படியும் என்றுதான் நமக்குப் பொருள்படும். ஈஸ்ட் மிதக்கும் லாகர் வகைப் பீருக்கு அது பொருந்தும். இது வேறு. பார்லிப் புரதத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த வகை ஒன்று, மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) உமியிலிருந்தும், கசப்புக்குச் சேர்க்கும் ஹாப் பூவிலிருந்தும் வரும் பாலிஃபீனால் என்ற துவர்ப்புப் பொருளைக் குளிரில் தளர்வாகப் பற்றிக்கொள்கிறது. அப்படிச் சேரும் துகள் ஒரு மைக்ரானுக்கும் சிறியது. வெளிச்சத்தைச் சிதறடிக்கும், சீக்கிரத்தில் அடியில் உட்காராது. பீர் 20 டிகிரிக்கு வந்ததும் பிடி விட்டுத் தெளிந்துவிடும். ஏற்காட்டில் காலையில் கவிந்த மூட்டம் வெயில் ஏறினால் விலகுவது போலத்தான். ஆகவே ‘குளிர்மூட்டம்’. திரும்பத் திரும்பக் குளிர்ந்து சூடேறி, ஆக்சிஜனும் பட்டால் அந்தப் பிடி இறுகிவிடும், பிறகு சூட்டிலும் விலகாது. அதற்கு ‘நிலைமூட்டம்’ என்று வைக்கலாம்.

ஏற்காட்டிலிருந்து:

ஐயா, மூட்டம் எனக்குச் சம்மதம். இங்கே இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆனால் சொல்லை மட்டும் மாற்றி விளக்கத்தை விட்டுவிட்டால், படிக்கிறவர் எல்லா மங்கலுக்கும், தெளியவைக்கும் ஜெலட்டினைக் கொட்டுவார். எது எது என்று பிரித்தறியும் வழியும் பதிவில் வரவேண்டும்.

ஒரே புட்டியிலிருந்து இரண்டு கிளாஸ் ஊற்றுங்கள். ஒன்று 3 டிகிரியில் இருக்கட்டும், மற்றது அறைச்சூட்டுக்கு வரட்டும். சூடானது மட்டும் தெளிந்தால் குளிர்மூட்டம். இரண்டும் மங்கலாகவே இருந்தால், இரண்டு வாரம் 1 டிகிரியில் ஆடாமல் நிறுத்திப் பாருங்கள். அடியில் வெளிர்மண்டி கட்டி மேலே தெளிந்தால் ஈஸ்ட் கலங்கல். தெளியாமல் புளித்த வாடையும் மேலே ஏடும் இருந்தால் பாக்டீரியா. அதற்கு மருந்தில்லை, கொட்டிவிட வேண்டியதுதான்.

மீதமுள்ளது மாவால் வரும் மங்கல். வெள்ளைத் தட்டில் பீர் ஒரு சொட்டு விட்டு, அதில் டிங்ச்சர் அயோடின் ஒரு சொட்டு. கருநீலமானால் மால்ட்டின் மாவு முழுக்கச் சர்க்கரையாகவில்லை. 66 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவேண்டியதை அவசரமாக வடித்திருப்பார்கள், அல்லது சூடு 75ஐத் தாண்டி நொதி செத்திருக்கும். இந்தச் சோதனையை ஊறல் பானையை வடிப்பதற்கு முன்பே செய்வது நல்லது, அப்போதுதான் இன்னும் அரைமணி விட்டுவைக்க வழியுண்டு. சொட்டில் உமி விழக்கூடாது, உமி எப்போதும் கறுக்கும். சோதித்த சொட்டைத் திரும்பப் பானையில் விடவும் கூடாது. இதற்கும் ‘கலங்கல்’ ஒட்டாது. நம் சேகோ ஆலைகளில் பச்சை மரவள்ளி மாவு தொட்டியின் அடியில் படிகிறதே, அது போல இது படியாது. வெந்து கரைந்துபோன மாவு இது. ‘மாவுமங்கல்’ என்று தனியாக வையுங்கள்.

சேலம், செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

மூன்றையும் ஏற்கிறேன். அதே பக்கத்தில், மங்கலைப் படியவைத்துப் பானத்தைத் தெளிவிக்கச் சேர்க்கும் ‘ஃபைனிங்ஸ்’ என்பதற்குத் ‘தெளிப்பான்’ என்று இருக்கிறது. தோட்டத்தில் மருந்தடிக்கும் கருவிக்கு அந்தப் பெயர் என்றோ போய்விட்டது. கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டையை உரைத்துவிடுவது நம் வழக்கம். அதே வேரிலிருந்து ‘தேற்றி’ என்று எடுத்துக்கொள்ளலாம். வினையாக ‘தேற்றுதல்’ தானே வந்துவிடுகிறது.

ஜெலட்டின் தேற்றிக்கு அளவும் போடுங்கள். 20 லிட்டருக்கு 4 கிராம், 200 மில்லி ஆறிய நீரில் பத்து நிமிடம் ஊறி, பிறகு 65–70 டிகிரி வரை சூடு. கொதித்தால் ஜெலட்டின் சிதைந்து வேலை செய்யாது. முக்கியமானது, பீர் ஏற்கெனவே 4 டிகிரிக்குக் கீழே ஒரு நாளாவது இருந்திருக்க வேண்டும். மூட்டம் உருவான பிறகே ஜெலட்டினுக்குப் பிடிக்க ஏதாவது இருக்கும். வெதுவெதுப்பான பீரில் விட்டுவிட்டு ‘தேற்றி வேலை செய்யவில்லை’ என்பவர்கள்தான் அதிகம். இரண்டு நாள் கழித்து மண்டி கலையாமல் இறுத்துக்கொள்ளலாம்.

பப்பாளிக்காய்ப் பாலிலிருந்து எடுக்கும் பப்பாயினையும் சேர்க்க வேண்டும். குளிர்மூட்டத்தைத் தடுக்கப் புரதத்தை வெட்டும் நொதிகளைப் பயன்படுத்த 1911இலேயே அமெரிக்காவில் காப்புரிமை எடுத்திருக்கிறார்கள். கூடுதலாக விட்டால் நுரை நிற்காது, ஏனென்றால் நுரையைத் தாங்குவதும் புரதம்தான். ஆனால் இது புரதத்தை வெட்டுகிறது, படிய வைப்பதில்லை. எனவே ‘தேற்றி’யில் அடக்காமல் ‘மூட்டத்தடுப்பி’ என்று பிரிப்பதே முறை.

அஸ்தம்பட்டியிலிருந்து மறுபடியும்:

தேற்றி மிக நன்று, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மூட்டத்தடுப்பியும் சரி.

விளக்கத்தில் இன்னொன்று. 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்திலேயே முதலில் மதுவிலக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். உரிமமில்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது இன்றும் நம் மாநிலத்தில் குற்றம். காய்ச்சும் அளவுகள் அது சட்டப்படி செல்லுகிற நாடுகளில் இருக்கும் தமிழருக்கு. இங்கே படிக்கிற மாணவர் குளிர்மூட்டத்தைக் கண்ணால் பார்க்கத் தேநீரே போதும். 200 மில்லி கொதிநீரில் இரண்டு கரண்டி தேயிலைத்தூள், ஐந்து நிமிடம், பால் சேர்க்காமல் வடிகட்டி நான்கு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் சேறாக மங்கும். மெல்லச் சூடாக்கினால் தெளியும். தேநீரில் பாலிஃபீனால் பெரும்பாலும் காஃபீனோடு சேர்கிறது, பீரில் புரதத்தோடு. ஆகவே பதிவில் பீர் என்று குறுக்காமல் ‘பானம்’ என்றே எழுதுகிறேன்.

ஈஸ்ட் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாவதைக் குறிக்கும் ‘ஈஸ்ட் ஃப்ளாக்குலேஷன்’ மட்டும் பாக்கி. ‘திரளல்’ என்றால் பாலில் ஏடு திரள்வதும் அதில் வந்துவிடுகிறது. ஏற்காட்டு நண்பர் என்ன சொல்கிறார்?