பெங்களூர் – சென்னை ஃபிளைட் நிஜமாகவே ஒரு மணி நேரம்தானா?

தாம்பரத்துப் பையன்:
எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, அம்மா தாம்பரத்தில் தனியாக இருக்கிறார். வியாழக்கிழமை காலை 8 மணிக்கு அவருக்குக் கண்புரை ஆபரேஷன், கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டுமாம். இரண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவில் 270 கிலோமீட்டர்தான் என்று மேப் காட்டுகிறது, டிக்கெட்டில் 1 மணி 5 நிமிடம் போட்டிருக்கிறது. விடியற்காலை முதல் ஃபிளைட் பிடித்தால் போதுமா, ரயிலில் போவதா? லீவு அதிகம் இல்லை.

ஹெப்பால் வாசி:
270 நேர்கோட்டுத் தூரம், சாலையில் 350 கிட்ட வரும். அந்த 1 மணி 5 நிமிடம் முழுக்கப் பறக்கிற நேரம் இல்லை. இங்கே விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து அங்கே போய் நிற்கிற வரைக்குமான கணக்கு அது, ரன்வேக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். ஜெட் என்றால் வானத்தில் இருப்பது 35, 40 நிமிடம், ஏறி முடித்ததுமே இறங்க ஆரம்பித்துவிடும். ஏடிஆர் கிடைத்தால் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் கூடும், ப்ரொப்பல்லர் விமானம், வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர்தான்.

உங்கள் நேரத்தைத் தின்னப் போவது ஏர்போர்ட் இருக்கிற தேவனஹள்ளி வரைக்குமான ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். பகலில் கேஐஏ-8 ஏர்போர்ட் பஸ்ஸில் 2 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். சென்னையில் இறங்கி தாம்பரம் போவது வரை எல்லாம் சேர்த்தால் வீட்டிலிருந்து வீடு ஐந்தேகால் மணி நேரம்.

மல்லேஸ்வரம் அக்கா:
2008 மே வரை எச்ஏஎல் ஏர்போர்ட்தான், ஊருக்குள்ளேயே இருந்தது, அப்போது ஃபிளைட்டுக்கு ஈடே கிடையாது. இப்போது நான் ரயில்தான் தம்பி. வந்தே பாரத் நாலரை மணி நேரம், சதாப்தி ஐந்து. உங்களுக்கு மஞ்சள் லைன் மெட்ரோ வந்துவிட்டதே, ஆர்.வி. ரோட்டில் மாறினால் மெஜஸ்டிக், ரயில்வே ஸ்டேஷன் எதிரிலேயே.

ஹெப்பால் வாசி:
அக்கா, சென்ட்ரல் பக்கம் வீடு என்றால் நீங்கள் சொல்வது சரி. இவர் தாம்பரம் போக வேண்டும். மெட்ரோ, ரயில், அப்புறம் பார்க் ஸ்டேஷனிலிருந்து எலக்ட்ரிக் ட்ரெயின் என்று கூட்டினால் 7 மணி நேரம் ஆகிவிடும். ஏர்போர்ட் எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷன், அங்கிருந்து தாம்பரம் பக்கம்தான். இவருக்கு ஃபிளைட்தான் லாபம்.

ஆனால் விடியற்காலை ஃபிளைட் மட்டும் வேண்டவே வேண்டாம். மார்கழிக் காலையில் தேவனஹள்ளியில் பனிமூட்டம் இறங்கினால் நேரத்துக்குக் கிளம்பும் என்று சொல்ல முடியாது. போன வருடம் நான் மூன்று மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன், போக வேண்டிய கல்யாணத்தில் முகூர்த்தம் முடிந்துவிட்டது. ஆபரேஷனுக்கு அப்படி ஆகக் கூடாது. புதன் சாயங்காலமே போய்விடுங்கள்.

தாம்பரத்துப் பையன்:
புதன் அரை நாள் லீவு கேட்டு வாங்கிவிட்டேன், 6 மணி ஃபிளைட் போட்டாயிற்று. திரும்பும்போது அவசரமில்லை, ரயிலில் வருகிறேன் அக்கா. ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொன்னதும் அம்மா குரலே மாறிவிட்டது. இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.