மனநல நெருக்கடியில் அவசர சிகிச்சைக்குக் கட்டணம் வாங்கலாமா?

கதிரவன்:
தற்கொலை எண்ணத்தோடோ, நினைவு தடுமாறிய நிலையிலோ அவசரப் பிரிவுக்கு வருபவரிடம் எந்தக் கட்டணமும் பெறக்கூடாது என்ற கோரிக்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். அதன் நோக்கத்தில் எனக்கு உடன்பாடுதான். ஆனால், நெஞ்சுவலியோடு வருபவர் பணம் கட்டும்போது இவருக்கு மட்டும் ஏன் விலக்கு என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது? இலவசம் என்றால் தேவையற்றவர்களும் வந்து படுக்கைகளை நிரப்பிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு ஆதாரம் உண்டா?

தேன்மொழி:
இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நெதர்லாந்தில் 2012-ஆம் ஆண்டு, வயதுவந்தோரின் சிறப்பு மனநல சிகிச்சைச் செலவில் ஒரு பங்கை நோயாளியே ஏற்க வேண்டும் என்று விதித்தார்கள். புறநோயாளிகளுக்கு அது ஆண்டுக்கு 200 யூரோ வரை. வழக்கமான சிகிச்சைக்கு வருவோர் குறைந்தார்கள். அதே ஆண்டில் அவசர மனநல சிகிச்சை பெறுவோரும், விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் சேர்க்கப்படுவோரும் கூடினார்கள். மனச்சிதைவு போன்ற கடும் நோய்களிலும், மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிச் செல்லும் இருமுனைக் கோளாறிலும், மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதலாகவே செலவானது. அதாவது, கட்டணம் தடுத்தது வீண் வருகையை அன்று. மேலும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளாமல் இருக்க இடுப்பு வாரையும் காலணிக் கயிற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஒருவர் கண்காணித்தபடி உட்கார்ந்திருக்க இரவெல்லாம் விழித்துக் கிடப்பதற்கு, இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக யாரும் வரமாட்டார்கள்.

நெஞ்சுவலிக்காரரும் கட்டக்கூடாது என்பதே என் கருத்து. இருப்பினும் ஒரு வேறுபாடு உண்டு: மனநல நெருக்கடியில் பலர் தாமாக வருவதில்லை, அழைத்து வரப்படுகிறார்கள், சிலர் வேண்டாம் என்று மறுத்தும் சேர்க்கப்படுகிறார்கள். மறுத்தவரிடமே பிறகு பில்லை நீட்டுவது எந்த நியாயத்திலும் சேராது.

நடுநிலையாளன்:
தேன்மொழி அவர்களின் வாதத்தை ஏற்கிறேன். ஆயினும் நோயாளி கட்டாத தொகை மறைந்துவிடுவதில்லை. காப்பீட்டு நிறுவனமா, அரசா, மருத்துவமனையா, யார் தலையில் அது விழும் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். மருத்துவமனையின் தலையில் விழுந்தால், நட்டம் தரும் மனநலப் படுக்கைகளைத்தான் நிர்வாகம் முதலில் குறைக்கும். காப்பீடே இல்லாதவர் நிலை என்ன என்பதற்கும் வரைவில் இடம் வேண்டும்.

செவ்வந்தி:
பணம் தருபவரைத் தெளிவாகச் சொன்ன ஏற்பாடு ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. தற்கொலை நெருக்கடியில் இருக்கும் முன்னாள் படைவீரர், தகுதி வரம்புக்கு உட்பட்டவராயின், எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் முன்னாள் படைவீரர் நலத்துறையே செலவை ஏற்கும் முறை 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உள்நோயாளியாக 30 நாள் வரையிலும் புறநோயாளியாக 90 நாள் வரையிலும் சிகிச்சைக்கு அது பொருந்தும். போக்குவரத்துச் செலவும் அதில் அடங்கும். அந்தக் கடைசிக் கூறு சிறியதன்று. அதே நாட்டில் எதிர்பாராத மருத்துவ பில்களைத் தடுக்க 2022-இல் நடைமுறைக்கு வந்த பொதுச் சட்டம், சாலை வழி ஆம்புலன்ஸைச் சேர்க்காமல் விட்டுவிட்டது. ஆகவே, கதிரவன், சிகிச்சை இலவசமா என்பதோடு நிறுத்தாமல், விலக்கு வீட்டு வாசலில் தொடங்குகிறதா, மருத்துவமனை வாசலில்தான் தொடங்குகிறதா, வீடு திரும்பிய பின் முதல் சந்திப்புக்கும் மருந்துக்கும் பொருந்துகிறதா என்பதையும் உங்கள் கட்டுரையில் கேளுங்கள்.