லேட்டன்சிக்குச் ‘சுணக்கம்’: ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

லேட்டன்சிக்கு, அதாவது கேட்டதற்கு முதல் பதில் வர ஆகும் நேரத்துக்கு, ‘தாமதம்’ போதுமே, தனிச்சொல் எதற்கு என்று முந்தைய மடலில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். போன வாரம் நடந்ததைச் சொன்னால் அதுவே பதிலாக இருக்கும்.

என் அக்கா மகளின் மடிக்கணினியில் இயங்குதளத்தை மேம்படுத்திய நாள் முதல் இணையம் மந்தம். கணினிக் கோளாறுகளுக்காக நாம் தமிழில் எழுதிவரும் சரிசெய்தல் கையேட்டின் வரைவை அனுப்பி, அதன்படி பார்க்கச் சொன்னேன். வேகச் சோதனையில் நொடிக்கு 94 மெகாபிட் வந்தது. மேம்படுத்துவதற்கு முன்பும் அதே அளவுதான். ‘இணைய வேகம் வழக்கம்போல் இருந்தால் கணினியில் கோளாறு இல்லை’ என்கிறது நம் வரைவு. அவள் அங்கேயே நின்றுவிட்டாள். “மாமா, வேகம் குறையவே இல்லை. ஆனாலும் மெதுவாகத்தான் இருக்கிறது” என்றாள்.

அவள் கண்டது சரி. பிழை நம் வரைவில் இருக்கிறது. ஒரு நொடியில் எவ்வளவு தரவு வந்து சேர்கிறது என்பது ஒன்று. கேட்டதற்கு முதல் பதில் வர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது வேறொன்று. இரண்டையும் ‘வேகம்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். பெரிய கோப்பைப் பதிவிறக்குபவருக்கு முன்னது முக்கியம். இணையப் பக்கம் திறப்பவரைப் பின்னதுதான் வாட்டும். முகவரியைத் தட்டியதும் அந்தத் தளப் பெயருக்குரிய எண்ணைத் தேட ஒரு முறை, இணைப்பை ஏற்படுத்த ஒரு முறை, மறையாக்கத்துக்கு உடன்பட ஒரு முறையோ இரு முறையோ, பக்கத்தைக் கேட்க ஒரு முறை என்று கணினி சேவையகங்களுக்குப் போய்த் திரும்பியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் 100 மில்லிநொடி கூடினால், பக்கத்தின் முதல் எழுத்து வருவதற்குள்ளேயே ஏறத்தாழ அரை நொடி போய்விடும்.

பிறகு, ஒரு சிறு செய்தியை அனுப்பி அது திரும்ப எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று காட்டும் பிங் கட்டளையை இயக்கச் சொன்னேன். வெளியே எங்கும் போகாமல், வீட்டு ரவுட்டருக்கே. அவள் வாசித்த எண்கள்: 2, 3, 97, 2, 104, 61, 3. அடுத்த அறையில் இருக்கும் பெட்டியைத் தொட்டுத் திரும்ப 104 மில்லிநொடி! கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். அந்த நேரத்தில் அது 10,000 கிலோமீட்டர் போய்த் திரும்பியிருக்கும்.

காரணம் புதிய இயங்குதளத்தோடு வந்த வைஃபை இயக்கி, அதாவது வைஃபை அட்டையை இயக்கும் மென்பொருள். மின்சேமிப்பை அது தானாகவே இயக்கிவிட்டிருந்தது. மின்சேமிப்பில் வைஃபை அட்டை இடையிடையே உறங்கும். அந்த நேரத்தில் வரும் பொட்டலங்களை (தரவுத் துண்டுகளை) ரவுட்டர் தன்னிடம் வைத்துக்கொண்டு, பெரும்பாலான ரவுட்டர்களில் 102.4 மில்லிநொடிக்கு ஒரு முறை போகும் அறிவிப்புச் சைகையில் ‘உனக்குப் பொட்டலம் இருக்கிறது’ என்று தெரிவிக்கும். அட்டை விழித்து அதைக் கேட்ட பிறகே வாங்கிக்கொள்ளும். வேகச் சோதனையின்போதோ தரவு இடைவிடாமல் வருவதால் அட்டைக்கு உறங்க நேரமில்லை. 94 குறையாததும் அதனால்தான். மின்சேமிப்பை நிறுத்தியதும் எண்கள் எல்லாம் 2, 3 என்று வந்தன.

இனி, சொல்லுக்கு வருகிறேன்.

‘தாமதம்’ நல்ல சொல்தான். ஆனால் வலையமைப்புப் பாடத்தில் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. வரிசையில் காத்திருக்கும் தாமதம், அனுப்பும் தாமதம், பரவும் தாமதம், கையாளும் தாமதம் என்று பிரித்துச் சொல்ல அது வேண்டும். இவை அனைத்தும் சேர்ந்து பயனரை வந்தடையும் மொத்தத்துக்குத் தனிப்பெயர் இருப்பது நல்லது. லேட்டன்சிக்கு ‘உள்ளுறைவு’ என்ற இன்னொரு முன்மொழிவு, இயற்பியலின் உள்ளுறை வெப்பத்தை (லேட்டன்ட் ஹீட்) ஒட்டிப் பிறந்தது என்று புரிகிறது. வெப்பம் அங்கே உண்மையிலேயே வெப்பமானியில் தெரியாமல் உள்ளே உறைகிறது. இங்கே எதுவும் மறைந்திருக்கவில்லை, காத்திருப்பவரின் கண்ணெதிரே சக்கரம் சுழன்றுகொண்டிருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் வேரை மட்டும் பார்த்துப் பெயர்த்தால் பொருள் நழுவிவிடும்.

‘சுணக்கம்’ நம் வழக்கில் உயிரோடு இருக்கும் சொல். ‘பணிகளில் சுணக்கம்’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. இலங்கைத் தமிழில் ‘ஏன் இவ்வளவு சுணங்கினாய்?’ என்பது அன்றாடப் பேச்சு. சங்கப் பாடல்களில் சுணங்கு என்றால் மேனியில் படரும் தேமல் அல்லவா என்று ஒருவர் சுட்டினார். உண்மைதான், ஆனால் சரிசெய்தல் கையேட்டில் ரவுட்டருக்குத் தேமல் வந்ததாக யாரும் பொருள்கொள்ள மாட்டார்கள். நாளிதழ் வழக்கில் சோம்பலைக் குறை சொல்லும் தொனி இருக்கிறது என்ற மறுப்புதான் என்னைச் சற்று யோசிக்க வைத்தது. ஆயினும் எண்ணோடு சேரும்போது அந்தத் தொனி அடங்கிவிடுகிறது. ‘சுணக்கம் 104 மில்லிநொடி’ என்றால் அது வெறும் அளவுதான்.

இந்தச் சொல்லை நான் விரும்புவதற்குப் பெரிய காரணம், இது வினையாகவும் நிற்கிறது என்பது. இணைப்பு சுணங்குகிறது, சுணங்காத இணைப்பு, குறைசுணக்க வலையமைப்பு என்று எப்படி வேண்டுமானாலும் வளைகிறது. ‘உள்ளுறைவு’ இப்படி வளையவில்லை, எழுதிப் பார்த்துவிட்டேன்.

நொடிக்கு இவ்வளவு என்று வந்து சேரும் அளவுக்குப் ‘பாய்வு வீதம்’ என்று நீங்கள் ஏற்கெனவே ஒப்பியதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பிங் காட்டும் எண்ணுக்குப் ‘போய்வரு நேரம்’ என்பது என் பரிந்துரை. 1983 டிசம்பரில் மைக் மூஸ் அந்த நிரலை எழுதியபோது, நீருக்கடியில் ஒலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கும் சோனாரின் ஓசையையே அதற்குப் பெயராக வைத்தார். போய் வருவது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. சுணக்கம் என்பது கருத்து, போய்வரு நேரம் என்பது அதைக் கணிக்க நாம் வாசிக்கும் எண்.

தளப் பெயருக்குரிய எண்ணைத் தேடித் தரும் பெயர்ச் சேவையகம் பதில் தராமல் பக்கம் நிற்பதையும் சுணக்கம் என்று சொல்லலாமா என்ற கேள்விக்கு, வேண்டாம் என்பேன். லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு பெயர்ச் சேவையகம் பேசாமல் இருந்தால், வழக்கமான அமைப்பில் 5 நொடி பொறுத்த பிறகே அடுத்ததைக் கேட்கும். மேம்படுத்தலுக்குப் பின் பழைய சேவையக முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் இந்த 5 நொடி அடிக்கடி தலைகாட்டும். அதை வெறுமனே ‘காத்திருப்பு’ என்று எழுதுவோம். அங்கே வழி சீராக இருக்கிறது, விலாசம் சொல்பவர்தான் இல்லை. பழுது வேறு, பார்க்க வேண்டிய இடமும் வேறு.

வரைவின் அந்த வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘பாய்வு வீதம் குறையாமல் பக்கங்கள் மட்டும் மெதுவாகத் திறந்தால், முதலில் ரவுட்டருக்கான போய்வரு நேரத்தைப் பாருங்கள். எண்கள் ஏறி இறங்கினால் சுணக்கம் உங்கள் வைஃபையில் இருக்கலாம். இயக்கியின் மின்சேமிப்பை நிறுத்திவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள்.’ அக்கா மகளிடம் வாசித்துக் காட்டினேன். சுணக்கம் என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை.

மீதி இருப்பது ஜிட்டர். 2, 3, 97, 2 என்று எண் தாவுகிறதே, அந்தத் தாவலுக்குச் சொல். ‘நடுக்கம்’ ஆங்கிலத்தின் நிழல். ‘அலைவு’ என்றால் இயற்பியலில் சீராக ஆடுவது, இதில் சீரே இல்லை. ‘சுணக்க ஏற்றத்தாழ்வு’ என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன், நீளம் உறுத்துகிறது. இதைவிடச் சிறிய சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.